மட்டை விதியைச் சொல்லாமல் ஹோம் ரன் கணக்கு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழில் இந்த ஆட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை சொல்ல வந்த கருத்து சரியில்லை. இப்போதைய கல்லூரிப் பையன்கள் பலசாலிகள், அதனால்தான் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது) மழையாம். 2011 முதல் 2014 வரை ஆடியவர்கள் சோப்ளாங்கிகள், பந்தைத் தட்டித் தட்டியே காலம் தள்ளினார்களாம். அந்த நான்கு வருஷமும் அவர்கள் கையில் என்ன மட்டை இருந்தது, என்ன பந்து வீசப்பட்டது என்று கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆட்டத்தின் பாணியை அங்கே முதலில் தீர்மானித்தது மட்டை விதிதான். பையன்களின் புஜபலம் அதற்கு அப்புறம்தான் கணக்கில் வரும்.

நான் இருப்பது ஒமாஹாவில். ஒவ்வொரு ஜூன் மாதமும் கல்லூரி பேஸ்பாலின் இறுதிச் சுற்றான காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் இந்த ஊரில்தான் நடக்கிறது, 1950லிருந்து இங்கேதான். அந்த நாட்களில் ஆபீசில் வேறு பேச்சே கிடையாது. அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொழில்முறை பேஸ்பாலில், அதாவது மேஜர் லீகில், மர மட்டை மட்டும்தான். கல்லூரியிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. மர மட்டை அடிக்கடி உடையும், உடைந்தால் கல்லூரிதான் வாங்கித் தர வேண்டும். 1974இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அலுமினிய மட்டைக்கு அனுமதி கொடுத்தது. செலவைக் குறைக்கத்தான், வேறு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் வந்த அலுமினிய மட்டைகள் மரத்தைவிட பிரமாதமாக ஒன்றும் அடித்துவிடவில்லை. அப்புறம்தான் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விமானத் தொழிலில் பயன்படும் உலோகக் கலவைகளை எல்லாம் கொண்டுவந்தன. சுவர் மெலிந்தது, எடை குறைந்தது, உள்ளே வெறும் காற்று.

மெல்லிய சுவர் ஏன் முக்கியம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. திடமான மரத்தில் பந்து மோதும்போது நசுங்குவது பந்துதான். நசுங்கி நிமிர்வதற்குள் அதன் சக்தியில் பெரும் பகுதி சூடாகிப் போய்விடும். உள்ளே காலியான உலோகக் குழாயில் மோதினால் சுவரும் சற்று உள்ளே குழிகிறது, பந்து அவ்வளவாக நசுங்குவதில்லை, குழிந்த சுவர் ஸ்பிரிங் மாதிரி பந்தைத் திருப்பித் தள்ளுகிறது. டிராம்போலின் விளைவு என்று இதைச் சொல்வார்கள். எடையும் குறைவு என்பதால் மட்டையை வேகமாகச் சுற்றலாம். வேகமாகச் சுற்ற முடிந்தால் பந்தை இன்னும் ஒரு நொடியின் சிறு பங்கு கூடுதலாகப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து பேட்டரிடம் வந்து சேர கிட்டத்தட்ட 0.4 நொடிதான் ஆகும் என்பதால் அந்தச் சிறு பங்கு ரொம்பப் பெரிய விஷயம்.

இதன் விளைவு தொண்ணூறுகளில் வெடித்தது. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், எல்எஸ்யூ என்பார்கள், ஸ்கிப் பெர்ட்மன் என்கிற கோச்சின் கீழ் ஒவ்வொரு இடத்திலும் ஓங்கி அடிக்கிற ஆளாகப் பார்த்து நிறுத்தியது. 1997இல் ஒரே சீசனில் 188 ஹோம் ரன், இன்று வரை அதுதான் சாதனை. அந்தப் பாணிக்கு கொரில்லா பால் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம், 1998இல், ஒமாஹா இறுதிச் சுற்றில் மட்டும் மொத்தம் 62 ஹோம் ரன். சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தின் ஸ்கோர் தெரியுமா? சதர்ன் கலிஃபோர்னியா 21, அரிசோனா ஸ்டேட் 14. அமெரிக்கக் கால்பந்து ஸ்கோர் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள். அந்தச் சீசனில் நாடு முழுக்க ஒரு அணி ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 7 ரன்னுக்கு மேல், ஒரு ஹோம் ரன்னுக்கு மேல்.

அந்தக் காலத்தில் பந்து வீசும் பிட்ச்சர்கள் பாடு என்ன என்று யாரும் கேட்பதில்லை. மர மட்டை என்றால் பேட்டரின் கைப்பக்கமாக, உடம்பை ஒட்டி வேகப்பந்து வீசலாம். அது மட்டையின் கைப்பிடிப் பக்கம் பட்டால் மட்டை உடையும், பந்து பரிதாபமாகப் பக்கத்திலேயே உருளும். உலோக மட்டை உடையாது. கைப்பிடிப் பக்கம் பட்டால்கூட பந்து உள்வட்ட ஃபீல்டர்களின் தலைக்கு மேல் போய் விழுந்து ஹிட் ஆகிவிடும், பேட்டர் பத்திரமாக முதல் பேஸுக்கு (ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) போய்விடுவார். நல்ல பந்து வீசியும் அடி வாங்கினால் எந்தப் பையன் திரும்பத் திரும்ப உள்ளே வீசுவான்? கல்லூரி பிட்ச்சர்கள் வெளியே வெளியே என்று வீசப் பழகினார்கள், நேர்ப்பந்தை விட்டுவிட்டு வளைபந்தில் ஒளிந்துகொண்டார்கள். அப்படிப் பழகிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனதும் உள்ளே வீச மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஹோம் ரன் எண்ணிக்கையைவிட இதுதான் பெரிய மாற்றம் என்பது என் கருத்து. ஸ்கோர் அட்டையில் இது தெரியாது, அவ்வளவுதான்.

1999இல் முதல் கட்டுப்பாடு வந்தது. மட்டையின் தடித்த பகுதியின் குறுக்களவு இரண்டே முக்கால் அங்குலத்திலிருந்து 2⅝ அங்குலமாகக் குறைந்தது. எடைக்கும் ஒரு வரம்பு போட்டார்கள்: மட்டை எத்தனை அங்குல நீளமோ, அவுன்ஸ் கணக்கில் எடை அதைவிட மூன்றுக்கு மேல் குறையக் கூடாது. அதாவது 34 அங்குல மட்டை 31 அவுன்ஸாவது இருக்க வேண்டும். அதற்கு முன் 29 அவுன்ஸில் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பந்து மட்டையிலிருந்து கிளம்பும் வேகத்துக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். இவ்வளவு செய்தும் சில வருஷங்களுக்குத்தான் பலன். கம்பெனிகளிடமும் பொறியாளர்கள் இருக்கிறார்களே. கார்பன் இழை மாதிரியான பொருள்களால் செய்த காம்போசிட் மட்டைகள் வந்தன, அவற்றில் ஒரு சூட்சுமம்: புதிதாக இருக்கும்போது சோதனையில் ஒழுங்காகத் தேறிவிடும், அடிக்க அடிக்க உள்ளே இழைகள் தளர்ந்து இன்னும் துள்ளும். பழையதாக ஆக நன்றாக அடிக்கிற சாமான்! கடைசியில் 2009இல் என்சிஏஏ காம்போசிட் மட்டைகளை நிறுத்தி வைத்தது. 2010இல் சராசரி மறுபடி 7 ரன்னை நெருங்கிவிட்டது.

பாதுகாப்பு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், உங்கள் கட்டுரையில் அது அறவே இல்லை. பிட்ச்சர் நிற்கும் இடம் 60 அடி 6 அங்குலம். வீசி முடித்து அவர் நிலைகொள்ளும்போது தூரம் இன்னும் சில அடி குறைந்துவிடும். அங்கே ஒரு பந்து நேராக முகத்துக்கு வந்தால் கையைத் தூக்கக்கூட நேரம் இல்லை. 2003இல் மொன்டானாவில் ஒரு இளைஞர் லீக் ஆட்டத்தில் அலுமினிய மட்டையிலிருந்து வந்த பந்து தலையில் பட்டு 18 வயது பிட்ச்சர் இறந்தார். 2009இல் அந்த வழக்கில் மட்டை செய்த கம்பெனி 8,50,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரி தீர்ப்பு சொன்னது, ஆபத்தைப் பற்றிப் போதுமாக எச்சரிக்கவில்லை என்பது காரணம். நியூயார்க் நகரம் 2007லேயே உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் உலோக மட்டையைத் தடை செய்தது. மேயர் மறுத்தும் நகர மன்றம் விடவில்லை. இந்தப் பின்னணியில்தான் 2011 விதி வந்தது, ஹோம் ரன் பிடிக்காத யாரோ சில பெரியவர்கள் கூடி எடுத்த முடிவு இல்லை.

அந்த 2011 விதியின் பெயர் பிபிகோர். பந்தும் மட்டையும் மோதும்போது எவ்வளவு துள்ளல் திரும்பக் கிடைக்கிறது என்று ஒரு எண்ணால் அளக்கிறார்கள். நிலையாகப் பொருத்திய மட்டை மீது பீரங்கி போன்ற கருவியால் 136 மைல் வேகத்தில் பந்தைச் செலுத்தி, எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். வரம்பு 0.50. மர மட்டையும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் நிற்கும். அதாவது பொருள் உலோகமாக இருக்கலாம், அடி மட்டும் மரம் மாதிரி இருக்க வேண்டும். மறு வருஷமே உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இதே விதி.

ஆட்டம் ஒரே குளிர்காலத்தில் தலைகீழானது. 2010இல் ஒரு அணிக்கு ஆட்டத்துக்கு 0.94 ஹோம் ரன், 2011இல் 0.52. மொத்த பேட்டிங் சராசரி (மட்டை பிடித்த தடவைகளில் ஹிட் கிடைத்த பங்கு) .305லிருந்து .282க்கு இறங்கியது. 2014இல் ஹோம் ரன் 0.39 ஆகிவிட்டது. இப்போது உங்கள் கட்டுரையாளரைக் கேட்கிறேன், 2010 மே மாதம் ஆடிய அதே பையன்கள், அதே கோச், அதே உடற்பயிற்சிக்கூடம், 2011 பிப்ரவரியில் திரும்பி வரும்போது பாதி பலம் எங்கே போயிற்று? கையில் இருந்த மட்டை மாறியது, வேறு எதுவும் பெரிதாக மாறவில்லை.

கோச்சுகள் முட்டாள்கள் இல்லை, உடனே ஆட்டத்தை மாற்றினார்கள். ஓங்கி அடித்தால் பந்து வேலிக்குப் போகாமல் ஃபீல்டர் கையில் விழுகிறது என்றால் ஏன் ஓங்க வேண்டும்? மட்டையை நீட்டி பந்தைக் காலடியில் தட்டிவிட்டு, தான் அவுட் ஆனாலும் ரன்னரை அடுத்த பேஸுக்கு நகர்த்தும் பன்ட் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. ஒரு ரன் என்பது பெரிய சொத்தாகிவிட்டதால் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே பன்ட் போட்டவர்கள் உண்டு, அது எனக்கே கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது. வெளிவட்ட ஃபீல்டர்கள் தைரியமாக முன்னால் வந்து நின்றார்கள், தலைக்கு மேல் போய்விடும் என்ற பயம் இல்லை. அவர்கள் முன்னால் நிற்பதால் இரண்டாவது பேஸில் இருக்கும் ரன்னர் ஒரு சாதாரண ஹிட்டில் ஓடி வந்து ரன் எடுப்பதும் கஷ்டமாயிற்று. ஆக ரன் இன்னும் குறைந்தது. பிட்ச்சர்கள் மறுபடி உள்ளே வீச ஆரம்பித்தார்கள். பள்ளியிலிருந்து ஆள் எடுக்கும்போது கோச்சுகள் தடித்த முதல் பேஸ்மேனைத் தேடாமல் வேகமாக ஓடுகிற, நன்றாகப் பந்து பிடிக்கிற பையன்களைத் தேடினார்கள்.

இதன் உச்சம் 2013இல் பட்டம் வென்ற யுசிஎல்ஏ, அதாவது லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி. உங்கள் கட்டுரை பலவீனத்துக்கு உதாரணமாகக் காட்டியது இந்த அணியைத்தான், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஜான் சாவேஜ் கோச்சாக இருந்த அந்த அணி ஒமாஹாவில் ஐந்து ஆட்டங்களில் எடுத்தது 19 ரன், பேட்டிங் சராசரி .227, ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. சரி, மறுபக்கத்தையும் போட்டிருக்கலாமே? அந்த ஐந்து ஆட்டங்களில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து அவர்களிடம் எடுத்தது 4 ரன். 2-1, 2-1, 4-1, 3-1, 8-0. எல்எஸ்யூ, நார்த் கரோலினா ஸ்டேட், நார்த் கரோலினா, கடைசியில் இரண்டு முறை மிசிசிப்பி ஸ்டேட் என்று எல்லோரையும் கட்டிப் போட்டார்கள். எந்த விதியில் ஆடுகிறோம் என்று மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டு அதற்கேற்ப ஒரு அணியைக் கட்டினார்கள், இதில் பலவீனம் எங்கே இருக்கிறது? 1998இல் 62 ஹோம் ரன் விழுந்த அதே இறுதிச் சுற்றில் 2013இல் எல்லா அணிகளும் சேர்ந்து 3. 2014லும் 3.

இதில் ஒமாஹாவின் பங்கும் உண்டு, உள்ளூர்க்காரன் என்பதால் மறைக்க மாட்டேன். பழைய ரோசன்பிளாட் மைதானத்தை விட்டுவிட்டு, இந்த விதி வந்த அதே 2011இல் ஊர் நடுவே புது மைதானத்துக்கு ஆட்டத்தை மாற்றினார்கள். வேலித் தூரம் கிட்டத்தட்ட அதேதான், நடுவில் 408 அடி. ஆனால் மைதானம் திரும்பியிருக்கும் திசை வேறு. ஜூனில் இங்கே தெற்கிலிருந்து அடிக்கிற காற்று பேட்டரின் முகத்தில் அடிக்கும். செத்த மட்டை, எதிர்க்காற்று, இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும்? நன்றாக அடித்த பந்தெல்லாம் வேலிக்கு முன்னால் செத்து விழுந்தது. 2014இல் டிசியூவும் (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) வர்ஜீனியாவும் 15 இன்னிங்ஸ் ஆடினார்கள், முடிவு 3-2. தோற்ற டிசியூவின் கோச் ஜிம் ஷ்லாஸ்னாகில் கல்லூரி பேஸ்பாலை இப்படி ஆக்கிவிட்டார்களே என்று பத்திரிகையாளர்கள் முன் கொதித்தார். அந்த வருஷப் பட்டத்தை முடிவு செய்தது வாண்டர்பில்ட்டின் ஜான் நார்வுட் எட்டாவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன், மொத்தத் தொடரில் விழுந்த மூன்றில் ஒன்று. அவ்வளவு அரிதாக இருந்ததால்தானோ என்னவோ, பந்து வேலியைத் தாண்டியபோது இந்த ஊர் கத்திய கத்தல் இப்போது ஒரே ஆட்டத்தில் ஆறு விழும்போது கேட்பதில்லை.

அந்தக் காலத்திலும் உண்மையான பலம் இருந்தால் வெளியே தெரிந்தது என்பதற்கு ஒரு பெயர் போதும்: க்ரிஸ் பிரையன்ட். 2013இல், அதே செத்த மட்டையோடு, சான் டியேகோ பல்கலைக்கழகத்துக்காக 31 ஹோம் ரன் அடித்தார். அந்த வருஷம் என்சிஏஏவின் மேல்தட்டான முதல் டிவிஷனில் பெரும்பாலான கல்லூரி அணிகள் முழு அணியாகச் சேர்ந்தும் அவ்வளவு அடிக்கவில்லை. அப்புறம் சிகாகோ கப்ஸுக்குப் போய் 2016இல் நேஷனல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதே வாங்கினார். பிபிகோர் வந்ததால் ஹோம் ரன் என்பது உண்மையிலேயே அடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி உங்கள் கட்டுரைக்குச் சாதகமான பகுதிக்கு வருகிறேன். 2011லிருந்து இன்று வரை மட்டை வரம்பு அதே 0.50தான். அப்படியிருந்தும் 2024இல் பட்டம் வென்ற டென்னசி 184 ஹோம் ரன் அடித்தது, எல்எஸ்யூவின் 188க்கு நான்கு குறைவு. 2023 இறுதிப் போட்டியில் ஃபிளாரிடா ஒரு நாள் 24-4 என்று ஜெயித்தது, மறுநாள் எல்எஸ்யூ 18-4 என்று திருப்பிக் கொடுத்துப் பட்டத்தைத் தூக்கிப் போனது. அப்போ மட்டை விதிக்கு என்ன மரியாதை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

பதிலில் பாதி பந்தில் இருக்கிறது. 2015இல் என்சிஏஏ மட்டையைத் தொடாமல் பந்தை மாற்றியது. அதுவரை கல்லூரிப் பந்தின் தையல் நன்றாகப் புடைத்துக்கொண்டு இருக்கும், 0.048 அங்குல உயரம். புதிய பந்தில் அது 0.031 அங்குலம், தொழில்முறைப் பந்தின் தையலை நெருங்கிய அளவு. தையல் தாழ்ந்தால் காற்றின் இழுவை குறையும். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இரண்டு பந்துகளையும் 95 மைல் வேகத்தில், 25 டிகிரி கோணத்தில், ஒரே சுழற்சியில் செலுத்திப் பார்த்தார்கள். பழைய பந்து 367 அடி போனது, புதியது 387 அடி. இருபது அடி என்பது வேலிக்கு முன்னால் பிடிபடுவதற்கும் வேலிக்கு அப்பால் போய் விழுவதற்கும் உள்ள வித்தியாசம். அந்த ஒரே சீசனில் ஹோம் ரன் 0.39லிருந்து 0.56 ஆயிற்று. நூலின் உயரத்தில் ஒரு அங்குலத்தின் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத மாற்றத்தால் இவ்வளவு என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

மீதிப் பாதியில்தான் உங்கள் கட்டுரையாளர் சொல்லும் உடற்பலம் வருகிறது, அதை மறுக்கவில்லை. பையன்கள் எடை தூக்குகிறார்கள், பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகமும் கோணமும் ஒவ்வொரு பயிற்சியிலும் கணினித் திரையில் தெரிகிறது, தரையில் உருட்டாமல் மேல்நோக்கி அடிக்கப் பழக்குகிறார்கள். கொரோனாவால் 2020 சீசன் பாதியில் நின்றதற்காக எல்லோருக்கும் ஒரு வருஷம் கூடுதலாகக் கொடுத்ததில் 23, 24 வயது ஆட்கள் 18 வயது பிட்ச்சர்களுக்கு எதிரே நின்றார்கள். ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது சுலபமாகிவிட்டதால் நல்ல பேட்டர்கள் சில பெரிய கல்லூரிகளில் குவிகிறார்கள். பிட்ச்சர்களும் வேகம் வேகம் என்று போய் குறி தவறவிடுகிறார்கள், 95 மைலில் நடுவில் விழுகிற பந்து தானே ஹோம் ரன்னுக்குப் பாதி வேலை செய்து கொடுத்துவிடும். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பலம் மட்டும் என்று ஒரே வரியில் முடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். (2014இல் கொதித்த அதே ஷ்லாஸ்னாகில்தான் 2024 இறுதிப் போட்டியில் டென்னசியிடம் தோற்ற டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியின் அப்போதைய கோச். ஹோம் ரன் இல்லையே என்று வருந்தியவருக்கு அது மறுபக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது!)

மட்டையில் தில்லுமுல்லும் நடக்கிறது என்பது தெரிந்த விஷயம். உருளைகளுக்கு இடையே வைத்து அழுத்தி உள் இழைகளைத் தளர்த்துவது, மூடியைக் கழற்றி உள்சுவரைச் சீவி மெலிய வைப்பது, இப்படி. அதைப் பிடிக்க மட்டையை ஒரு கருவியில் வைத்து அழுத்திப் பார்க்கிறார்கள், எளிதாக அமுங்கினால் வெளியே போட்டுவிடுவார்கள், தேறினால் அந்த வார ஆட்டங்களுக்கான ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். 2022 ஏப்ரலில் வாண்டர்பில்ட்டுக்கு எதிராக டென்னசியின் ஜார்டன் பெக் முதல் இன்னிங்ஸிலேயே ஹோம் ரன் அடித்தார், மட்டையில் அந்த வார ஸ்டிக்கர் இல்லை என்று கண்டுபிடித்து ஹோம் ரன்னை ரத்து செய்து அவுட் கொடுத்தார்கள். டென்னசி ரசிகர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. எனக்குக் கேட்டால் விதி என்றால் விதிதான்.

கிரிக்கெட் பார்க்கிற நமக்கு இதெல்லாம் புரியாத சமாச்சாரமா என்ன? 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் டெனிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கி, இங்கிலாந்து கேப்டன் பிரேர்லி பந்து கெடுகிறது என்று புகார் செய்து, லில்லி மட்டையைத் தூக்கி எறிந்ததெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த கதை. மட்டை மரத்தால்தான் இருக்க வேண்டும் என்று உடனே விதி வந்தது. 2017இல் மட்டையின் விளிம்பு 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று எம்சிசி வரம்பு போட்டபோது உங்கள் பக்கத்திலேயே அதைப் பற்றிப் பேசாமலா இருந்திருப்பீர்கள்? விளிம்பில் பட்ட பந்து சிக்ஸர் போகிற காலத்தையும் கவாஸ்கர் காலத்தையும் ஒப்பிட்டு கவாஸ்கருக்குப் பலம் இல்லை என்று நீங்கள் எழுத மாட்டீர்கள். எழுதினால் சேப்பாக்கம் பக்கம் போக முடியாது. அந்த நியாயத்தைத்தான் யுசிஎல்ஏ பையன்களுக்கும் கேட்கிறேன்.

கடைசியாக, பேசாமல் கல்லூரியிலும் மரத்துக்கே திரும்பிவிடலாமே என்ற யோசனை உங்கள் கட்டுரையில் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. கல்லூரிப் பையன்கள் ஆடும் கேப் காட் கோடைக்கால லீகில் 1985லிருந்து மரம்தான், தொழில்முறை அணிகளின் ஆட்கள் அங்கே போய்த்தான் யார் உண்மையிலேயே அடிப்பார்கள் என்று பார்க்கிறார்கள். ஆனால் அது குறைந்த அணிகள் கோடையில் மட்டும் ஆடும் லீக். முதல் டிவிஷனில் மட்டும் சுமார் முந்நூறு அணிகள், கீழ் டிவிஷன்கள், அதற்குக் கீழே பள்ளிகள். இத்தனை பேரும் மாசக்கணக்கில் மரம் உடைத்தால் செலவை யார் தாங்குவது? பேஸ்பால் என்பது பெரும்பாலான கல்லூரிகளில் வரவைவிடச் செலவு வைக்கிற விளையாட்டு. முழு அணிக்குமாகச் சேர்த்து 11.7 முழு உதவித்தொகைதான் என்று பல வருஷம் வைத்திருந்தவர்கள், அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தவர்கள். 1974இல் இருந்த காரணம் இப்போதும் அப்படியே இருக்கிறது. மரத்தைப் போலவே அடிக்கிற, உடையாத மட்டை கையில் இருக்கும்போது மரமே வேண்டும் என்பது வெறும் ஏக்கம்.

ரன் அதிகமாகிவிட்டது என்று என்சிஏஏவுக்குத் தோன்றினால் மறுபடி மட்டையில் கை வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். 0.50 என்பது மரத்தின் அளவு, அதற்கும் கீழே கொண்டுபோவதில் அர்த்தமில்லை. பந்தின் தையலை 0.031க்கும் 0.048க்கும் நடுவில் எங்காவது வைத்துப் பார்க்கலாம். செலவும் குறைவு, பந்து எப்படியும் புதிதாகத்தான் வாங்குகிறார்கள், யாருடைய 400 டாலர் மட்டையும் ஒரே ராத்திரியில் குப்பைக்குப் போகாது. 2011இல் பிள்ளைக்கு மட்டை வாங்கித் தந்திருந்த பெற்றோர்களைக் கேட்டால் அந்த வலி தெரியும்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டித்தான் போடுவீர்கள். எதை வெட்டினாலும் யுசிஎல்ஏ விட்டுக்கொடுத்த அந்த 4 ரன்னையும் 2015 பந்து விஷயத்தையும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இணையப் பதிப்பு வாசகன்,
ஒமாஹா, நெப்ராஸ்கா